ஒரு பத்தி, ஒரு வாரம்: தமிழ் வழியில் படித்தவர்கள் வீட்டிலேயே ஆங்கிலம் பழக

முப்பது நாளில் ஆங்கிலம் என்று தொடங்குகிற முயற்சிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகின்றன. முதல் நாள் நவுன், இரண்டாம் நாள் ப்ரோநவுன், பத்தாம் நாள் வாக்கில் பன்னிரண்டு டென்ஸும் கட்டம் போட்ட அட்டவணையாக வந்து நிற்கும், அதோடு நோட்டை மூடிவிடுவோம். இன்னொரு பக்கம் தினம் பத்துச் சொல் மனப்பாடம் என்று தனி நோட்டு ஓடும். படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியை இந்த இரண்டும் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்போம், அவை முடிவதே இல்லை என்பதால் இதுவும் தொடங்குவதே இல்லை.

நான் சொல்லப்போவது வேறு வழி. ஐந்தாறு வாக்கியம் உள்ள ஒரு சின்னப் பத்தியை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்க அதையே கட்டிக்கொண்டு அழுவது. சொல்லும் அதிலிருந்தே, இலக்கணமும் அதிலிருந்தே, வாசிப்பும் அதுவே. தினம் இருபது நிமிடம் போதும். இது யாருக்கு என்றால், தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி ஓரளவு வேகமாகவே வாசிக்கத் தெரிந்து, ஆனால் ஒரு பக்கம் படித்து முடித்ததும் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் முழிக்கிறவர்களுக்கு. ஸ்போக்கன் இங்கிலீஷ் இதில் இல்லை, அது வேறு வேலை.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். படிக்கும்போதே அவற்றை உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள், ஸ்பெல்லிங் பயிற்சியும் அப்படியே ஆகிவிடும்.

எந்தப் பத்தி?

இங்கிலீஷ் வரவேண்டுமா, ஹிந்து பேப்பர் படி. தமிழ்நாட்டில் இந்த அறிவுரையைக் கேட்காதவர் இருக்க முடியாது, அப்பா சொல்வார், கணக்கு வாத்தியார் சொல்வார், பக்கத்து வீட்டில் ரிட்டயரானவர் சொல்வார். 1878-இல் தொடங்கிய பத்திரிகை, மொழி சுத்தமாக இருக்கும், எல்லாம் சரி. ஆனால் புதிதாகப் பழகுகிறவர் நேராகத் தலையங்கப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவதுதான் சிக்கல், ஏனென்றால் அந்தப் பேப்பரிலேயே கஷ்டமான பக்கம் அது. நீள நீளமான வாக்கியங்கள், பாதி சொல் தெரியாது, பேசப்படும் விவகாரமும் தெரியாது. மூன்று நாள் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம்.

தெரியாத சொல் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு மொழி ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஹூ, நேஷன் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அகராதியோ மற்றவர் உதவியோ இல்லாமல் ஒரு கதையை நன்றாகப் புரிந்துகொள்ள அதில் உள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது நூறு சொல்லுக்கு இரண்டுதான் தெரியாமல் இருக்கலாம். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எந்தப் புத்தகமானாலும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, நூறு சொல் எண்ணி, தெரியாதவற்றுக்குக் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு மூன்று என்றால் அது சும்மா படித்துக்கொண்டே போவதற்கான புத்தகம். ஐந்து வரை என்றால் நம்முடைய வாரப் பத்திக்குச் சரியான தீனி. பத்தைத் தாண்டினால் மூடிவைத்துவிடுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் எதை எடுப்பது? நான் முதலில் சொல்வது தமிழ்நாடு அரசின் பள்ளிப் பாடநூல்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்குமான ஆங்கிலப் புத்தகங்கள் இணையத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாகவே கிடைக்கின்றன. முப்பது வயதில் ஏழாம் வகுப்புப் புத்தகமா என்று தோன்றும். தோன்றட்டும். வகுப்புக்கு வகுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகிக்கொண்டே போகும்படி யோசித்துத் தயாரித்த பத்திகள் வேறு எங்கே சும்மா கிடைக்கும்? அதற்கடுத்து சிம்பிள் இங்கிலீஷ் விக்கிப்பீடியா. வழக்கமான ஆங்கில விக்கிப்பீடியாவின் எளிய வடிவம் அது, எளிய சொற்களில் சின்னச் சின்ன வாக்கியங்களாக இருக்கும், உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த தலைப்பாகத் தேடி எடுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரி பெரிய நூலகம் பக்கத்தில் இருந்தால் குழந்தைகள் பிரிவுக்குள் நுழைந்துவிடுங்கள், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், கேட்டால் பிள்ளைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

செய்தித்தாளை விடவே மனசில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். ஒரு செய்தியைக் காலையில் தமிழ்ப் பேப்பரில் முழுசாகப் படித்துவிட்டு, அதே நாள் அதே செய்தியை ஆங்கிலப் பேப்பரில் தேடிப் பிடித்துப் படியுங்கள். கிரிக்கெட், மழை, விபத்து, மெட்ரோ ரயில், எதுவானாலும் சரி. என்ன நடந்தது என்பது முன்பே தெரிந்திருப்பதால் மூளை அர்த்தத்தைத் தேடி அலையாமல், இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை மட்டும் கவனிக்கும். இதில் கிடைக்கிற சொற்கள் சீக்கிரம் மறக்காது.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சொற்கள்

எனக்கு ஆங்கிலச் சொல்லே தெரியாது என்கிறவர் ஒரு நாள் தான் பேசுவதையே கவனித்துப் பார்க்கவேண்டும். அட்ஜஸ்ட் பண்ணு, ட்ரை பண்ணு, மிஸ் பண்ணிட்டேன், டென்ஷன் ஆகாதே, ஃபீல் பண்றான், சான்ஸே இல்லை, டைட்டா இருக்கு, லைட்டா தலைவலி. ஒரு ஆங்கில வினைச்சொல்லோடு பண்ணு என்று ஒட்டிவிட்டால் அது தமிழாகிவிடுகிறது, அப்படி நூற்றுக்கணக்கில் சேர்த்துவைத்திருக்கிறோம். ஒரு நாள் முழுக்க உங்கள் வாயிலிருந்தும் வீட்டார் வாயிலிருந்தும் வருகிற ஆங்கிலச் சொற்களை எழுதிவைத்துவிட்டு, ராத்திரி அகராதியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்பெல்லிங் தெரியாமல் இருக்கலாம், நாம் பயன்படுத்துகிற அர்த்தமும் ஆங்கிலத்தில் உள்ள அர்த்தமும் கொஞ்சம் விலகியும் இருக்கலாம். ஃபீல் பண்றான் என்றால் நமக்கு வருத்தப்படுகிறான் என்று பொருள், ஆங்கிலத்தில் ஃபீல் என்றால் சந்தோஷத்தையும் உணரலாம், குளிரையும் உணரலாம். டவுட் என்றால் நமக்குப் பாடத்தில் கேட்கவேண்டிய கேள்வி, ஆங்கிலத்தில் நம்பிக்கையின்மை. முதல் வாரத்துக்கு இந்தப் பட்டியலே போதும், புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

புதுச் சொல்லைப் பொறுத்தவரை எல்லாச் சொல்லும் ஒரே எடை கிடையாது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தார். வங்காள மாணவர்களுக்குக் கொடுத்த ஆங்கிலப் பாடப் புத்தகங்களில் எங்கோ ஒரு முறை வருகிற அபூர்வச் சொற்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, அவற்றைக் கழித்து அடிக்கடி வரும் சொற்களைக் கொண்டே வாசிப்புப் புத்தகங்களைத் தயாரித்தார். பிற்பாடு 1953-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் இருப்பவை ஏறத்தாழ 2000 சொற்கள்தான், சாதாரண ஆங்கில எழுத்தில் பத்தில் எட்டு இடம் அளவுக்கு இவையே வந்துவிடுகின்றன. நம் பக்கத்து வகுப்பறையில் கண்டுபிடித்த விஷயம், நாம்தான் இன்னமும் போட்டித் தேர்வு புத்தகத்தின் பின்பக்கத்து அபூர்வச் சொற்களை உருப்போட்டுக்கொண்டிருக்கிறோம். கெட், டேக், புட், செட் மாதிரி சின்னச் சொற்களைத்தான் முதலில் கவனிக்கவேண்டும். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு, புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள், புட் அவுட் என்றால் தீயை அணை. புட் தெரியும் என்று நினைத்துத் தாண்டிப்போனால் வாசிப்பில் இங்கேதான் விழுவோம்.

வாரப் பத்தியிலிருந்து ஆறேழு சொல்லுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாக எழுதாமல் அது வந்த கூட்டத்தோடு எழுதுங்கள். டிசிஷன் என்றால் முடிவு என்று எழுதினால் ஒரு நாள் டேக்கா, மேக்கா, டூவா என்று தடுமாறுவீர்கள். மேக் எ டிசிஷன் என்று மூன்றையும் சேர்த்தே எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஹெவி ரெயின், கேட்ச் எ கோல்டு, பே அட்டென்ஷன், எல்லாம் இந்த வகைதான்.

எழுதுவதற்கு நோட்டைவிடச் சின்ன அட்டைகள் நல்லது. வீட்டில் கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொள்ளலாம். முன்பக்கம் அந்தச் சொல் இருந்த இடத்தில் கோடு போட்டு முழு வாக்கியம், பின்பக்கம் சொல்லும் தமிழ் அர்த்தமும். செபாஸ்டியன் லெய்ட்னர் என்ற ஜெர்மானியர் 1972-இல் சொன்ன பெட்டி முறையைச் சுருக்கி மூன்று டப்பா வைத்துக்கொள்ளுங்கள். புதிய அட்டை முதல் டப்பாவில், தினமும் பார்க்கவேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவதுக்குப் போகும், அது மூன்று நாளுக்கு ஒருமுறை. அதிலும் தேறினால் மூன்றாவது, வாரம் ஒருமுறை. எங்கே தப்பு செய்தாலும் அந்த அட்டை திரும்ப முதல் டப்பாவுக்கே வரும். போனில் செய்ய விரும்புகிறவர்கள் ஆங்கி என்ற செயலியைப் போட்டுக்கொள்ளலாம், ஆண்ட்ராய்டில் இலவசம், இதே வேலையைத் தானாகவே செய்யும். அடுத்தவர் தயாரித்து வைத்திருக்கும் ஐயாயிரம் அட்டைக் கட்டை இறக்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் பத்தியில் நீங்களே முட்டிக்கொண்ட சொல்தான் நிற்கும்.

அகராதி பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம்–தமிழ் அகராதியை விட்டுவிடச் சொல்லவில்லை, உடனடி அர்த்தத்துக்கு அதுதான் வேகம். ஆனால் பக்கத்திலேயே லேர்னர்ஸ் டிக்ஷனரி ஒன்றும் இருக்கட்டும், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் எல்லோருமே இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். இவை ஆங்கிலேயருக்காக எழுதப்பட்டவையே அல்ல, ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஹார்ன்பி 1942-இல் டோக்கியோவில் தன் சகாக்களோடு சேர்ந்து வெளியிட்ட அகராதியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி. நம்மைப் போன்ற வெளியாள் எங்கே தடுக்கி விழுவான் என்பது தெரிந்து எழுதியது. ஒரு பெயர்ச்சொல்லை எண்ணலாமா கூடாதா, ஒரு வினைக்குப் பின் என்ன வரும், இதெல்லாம் அதில் போட்டிருக்கும்.

இலக்கணத்துக்கு ஒரு பழைய தந்திரம்

இனி வருவதுதான் இந்த வழியின் முக்கியப் பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் ரோஜர் ஆஸ்கம் என்று ஒரு வாத்தியார் இருந்தார், பிற்பாடு இங்கிலாந்தின் ராணியான முதலாம் எலிசபெத்துக்கே பாடம் சொன்னவர். ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு லத்தீன் வரவேண்டும் என்பதற்காக அவர் வற்புறுத்திய முறை இது: லத்தீன் பத்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர், லத்தீனை எடுத்து மறைத்துவை, கொஞ்ச நேரம் போகட்டும், பிறகு உன்னுடைய ஆங்கிலத்தை வைத்து மறுபடி லத்தீன் எழுது, மூலத்தோடு ஒப்பிடு. ஆங்கிலேயர் அந்நிய மொழி கற்ற வழியிலேயே நாம் ஆங்கிலத்தைக் கற்கலாம். வகுப்பில் தமிழே பேசாதே என்று சொல்லும் பள்ளிக்கூடங்கள் இதை ஏற்காது, போகட்டும். தனியாக உட்கார்ந்து படிக்கிறவனுக்குத் தவறைத் திருத்த ஆள் கிடையாது. இந்த முறையில் மூலப் பத்தியே திருத்தித் தருகிறது, அதனால்தான் இதை இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

செய்து பார்ப்போம். பத்தி இது என்று வையுங்கள்: மை பிரதர் ஹேஸ் லிவ்டு இன் கோயம்புத்தூர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ். ஹி வொர்க்ஸ் இன் எ மில் தட் மேக்ஸ் யார்ன். லாஸ்ட் வீக் ஹி டோல்டு அஸ் தட் ஹி வாஸ் திங்கிங் ஆஃப் கமிங் ஹோம்.

தமிழில்: என் அண்ணன் ஆறு வருடமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறான். நூல் தயாரிக்கும் ஒரு மில்லில் வேலை பார்க்கிறான். ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசிப்பதாகப் போன வாரம் எங்களிடம் சொன்னான்.

இரண்டு நாள் கழித்துத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் நம்மில் பலருக்கு இப்படித்தான் வரும்: மை பிரதர் இஸ் இன் கோயம்புத்தூர் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ். ஹி இஸ் வொர்க்கிங் இன் யார்ன் மேக்கிங் மில். லாஸ்ட் வீக் ஹி டோல்டு டு அஸ் தட் ஹி இஸ் திங்கிங் டு கம் டு ஹோம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிவப்புப் பேனாவால் வித்தியாசங்களைச் சுழியுங்கள். மூன்றே வாக்கியம், அதற்குள் எட்டுப் பாடம் கிடைக்கிறது. ஆறு வருடமாக இருக்கிறான் என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் ஹேஸ் லிவ்டு என்று சொல்கிறது, அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை நீள்கிற எதற்கும் அங்கே ஹேவ் அல்லது ஹேஸ் வேண்டும். கால அளவு வந்தால் ஃபார், தொடங்கிய நாள் வந்தால் சின்ஸ்: ஃபார் சிக்ஸ் இயர்ஸ், சின்ஸ் 2019. வொர்க்ஸ் என்றால் அதுதான் அவன் வேலை, இஸ் வொர்க்கிங் என்றால் இப்போதைக்குத் தற்காலிகமாக என்ற வாடை வந்துவிடும். மில்லுக்கு முன்னால் எ விட்டுப்போயிற்று. டோல்டு என்றால் நேராக ஆள் வரும், நடுவில் டு கிடையாது. சொன்னது போன வாரம், அதனால் உள்ளே இருக்கிற இஸ் என்பது வாஸ் ஆகிவிட்டது. திங்கிங் என்பதற்குப் பின் ஆஃப் கமிங். ஹோம் என்பதற்கு முன் டு வராது.

இலக்கணப் புத்தகத்தை இப்போது திறங்கள். வரிசையாக இல்லை, சிவப்புச் சுழி விழுந்த இடத்துக்கான பக்கத்தை மட்டும். உங்கள் சொந்த வாக்கியத்தில் நீங்களே இடறிய பிறகு படிக்கிற விதி வேறு மாதிரி மண்டையில் ஏறும். நாலு வாரம் போனதும் அதே ஐந்தாறு இடத்தில்தான் திரும்பத் திரும்பச் சுழி விழுகிறது என்பது தெரிந்துவிடும். தமிழர்களுக்கு வழக்கமாக எங்கே விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எ, தி இரண்டும்தான் கடைசி வரை படுத்தும். நம்மிடம் ஒரு என்பது உண்டு, அந்த என்பது உண்டு, ஆனால் இரண்டும் இல்லாமலே பெரும்பாலான வாக்கியம் ஓடிவிடும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எண்ணக்கூடிய பொருள் ஒருமையில் வந்தால் ஆங்கிலத்தில் அது வெறும் உடம்போடு நிற்காது, எ, தி, மை, திஸ் என்று ஏதாவது ஒன்று மேலே இருக்கவேண்டும். முதல்முறை சொல்லும்போது பெரும்பாலும் எ, எதைச் சொல்கிறோம் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிட்ட பிறகு தி. பயிற்சி எளிது. வாரப் பத்தியை எ, அன், தி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நகலெடுங்கள், மறுநாள் நிரப்புங்கள்.

அடுத்தது இல். மேசையில், பெட்டியில், பஸ் ஸ்டாண்டில், எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே உருபு, ஆங்கிலத்தில் ஆன், இன், அட் என்று மூன்று. ரயிலில் என்றால் ஆன் தி ட்ரெயின், காரில் என்றால் இன் தி கார். இதற்கெல்லாம் விதி தேடிப் போவதில் பயனில்லை என்பது என் கட்சி. டிப்பெண்ட் ஆன், குட் அட், இன்ட்ரஸ்டட் இன், மேரீட் டு என்று சேர்த்தே அட்டையில் ஏற்றிவிடுங்கள். டிஸ்கஸ், ரீச், மேரி மாதிரி பின்னால் இந்தச் சின்னச் சொற்கள் எதுவுமே வேண்டாத வினைகளும் உண்டு, டிஸ்கஸ் அபவுட் என்பது நம் பக்கத்து அலுவலகங்களில் தினமும் கேட்கிற தவறு.

நாலு தேங்காய், பத்து ரூபாய் என்று தமிழில் எண் வந்துவிட்டால் கள் தேவையில்லை, அங்கே எஸ் வேண்டும், ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ் என்பதிலும் வேண்டும். ஆனால் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ் இவற்றுக்கு எஸ்ஸே வராது. நேற்று வந்திருக்கிறான் என்பது நமக்குச் சரி, ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே என்பது அவர்களுக்குத் தப்பு, நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் ஹேஸ் போய்விடும். ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ், ஐ ஆம் நோயிங் ஹிம், இவை இரண்டிலும் இங் வேண்டாம். ஆல்தோ என்று ஆரம்பித்தால் நடுவில் பட் போடவேண்டாம். டுடே மார்னிங் இல்லை, திஸ் மார்னிங். எஸ்டர்டே நைட் இல்லை, லாஸ்ட் நைட்.

கூகுள் டிரான்ஸ்லேட்டும் சாட்ஜிபிடியும் இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அவற்றிடம் வேலையைக் கொடுத்துவிட்டால் பயிற்சி அவற்றுக்குத்தான், உங்களுக்கு இல்லை. நீங்கள் எழுதி முடித்து, மூலத்தோடு ஒப்பிட்ட பிறகும் ஒரு சுழிக்குக் காரணம் புரியவில்லை என்றால் அப்போது கேளுங்கள். சொல்கிற காரணத்தைப் புத்தகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது, சில நேரம் தப்பான விளக்கத்தையும் அவை அடித்துச் சொல்லும்.

நீள வாக்கியத்தை மடக்குவது

சொல் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். தமிழில் அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னால் வரும், வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும், விவரம் பின்னால் வாலாகத் தொங்கும். தி மேன் ஹூ சோல்டு தி லேண்ட் டு அவர் நெய்பர் லாஸ்ட் இயர் ஹேஸ் ஃபைல்டு எ கேஸ். கேஸ் போட்டது யார்? பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்கிறவர்கள் நிறைய, ஏனென்றால் அந்தச் சொல்தான் ஹேஸ் ஃபைல்டு என்பதற்குக் கிட்டத்தில் இருக்கிறது. உண்மையில் போட்டவர் நிலத்தை விற்றவர்.

எனவே பெரிய வாக்கியம் வந்தால் முதலில் வினைகளுக்கெல்லாம் கோடு போடுங்கள், இங்கே சோல்டு, ஹேஸ் ஃபைல்டு. பிறகு ஹூ, விச், தட் எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து அந்தத் துண்டு முடிகிற இடம் வரை அடைப்புக்குள் போட்டு மூடுங்கள். மிச்சம் தி மேன் ஹேஸ் ஃபைல்டு எ கேஸ். எலும்புக்கூடு கிடைத்துவிட்டது. இப்போது அடைப்பைத் திறந்து, தமிழ் முறைப்படி பெயருக்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள்: போன வருடம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு நிலம் விற்ற ஆள் வழக்குப் போட்டிருக்கிறார். சட்ட நோட்டீஸ், வங்கிக் கடிதம், தலையங்கம், எல்லாவற்றையும் இதே மாதிரி பிரிக்கலாம், ஹூவும் தட்டும் சொல்லாமல் விடப்பட்ட இடங்கள்தான் கொஞ்சம் பழகவேண்டும். தி லெட்டர் ஐ காட் எஸ்டர்டே என்றால் நடுவில் ஒரு தட் ஒளிந்திருக்கிறது.

இன்னொரு கண்ணி, அர்த்தத்தைத் திருப்பிப் போடுகிற சின்னச் சொற்கள். அன்லெஸ் யூ பே பை ஃப்ரைடே, தி ஆர்டர் வில் பி கேன்சல்டு என்றால் கட்டாவிட்டால் ரத்து. ஃபியூ பீப்பிள் கேம் என்றால் ஆளே வரவில்லை என்கிற குறை, எ ஃபியூ பீப்பிள் கேம் என்றால் நாலைந்து பேராவது வந்தார்கள் என்கிற திருப்தி. ஹார்ட்லி என்பதன் அர்த்தத்துக்கும் ஹார்டு என்பதன் அர்த்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஹி ஹார்ட்லி வொர்க்ஸ் என்றால் அவன் வேலையே செய்வதில்லை. டூ டயர்டு டு ஈட், சாப்பிடக்கூட முடியாத களைப்பு, இதில் நாட் என்ற சொல்லே இல்லை, ஆனாலும் எதிர்மறை. இவற்றைப் பார்த்தால் நின்றுதான் போகவேண்டும்.

தெரியாத சொல் வந்தவுடன் போனை எடுக்காதீர்கள். தி வெல் ஹேட் ட்ரைடு அப், ஸோ தி வில்லேஜர்ஸ் வாக்டு டூ மைல்ஸ் டு ஃபெட்ச் வாட்டர். கிணறு வற்றிவிட்டது, இரண்டு மைல் நடந்தார்கள், தண்ணீரை ஃபெட்ச் செய்ய. கொண்டுவர என்று யாரும் ஊகித்துவிடலாம். ஊகித்ததைப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்து, பத்தி முடிந்த பிறகு அகராதியில் பாருங்கள். ஊகம் தவறானாலும் லாபம்தான், அந்தச் சொல் மறக்காது.

புரிந்ததா இல்லையா என்பதற்கு என்னிடம் இருக்கிற சோதனை ஒன்றுதான்: புத்தகத்தை மூடிவிட்டுப் பத்தியில் இருந்ததை அம்மாவிடம் சொல்வதுபோலத் தமிழில் இரண்டு வரியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏதோ டெவலப்மென்ட் பற்றி என்னவோ சொல்கிறான் என்று குத்துமதிப்பாக வந்தால் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி திறங்கள்.

வாரம் எப்படி ஓடும்

திங்கள் பத்தியைத் தேர்ந்தெடுத்து அகராதி இல்லாமல் இரண்டு முறை படிப்பது, தமிழில் சொல்லிப் பார்ப்பது. செவ்வாய் அகராதி, அட்டைகள். புதன் தமிழில் எழுதி, ஆங்கிலத்தை எடுத்து மறைப்பது. வியாழன் பத்தியைத் தொடவே கூடாது, அட்டை டப்பா மட்டும். வெள்ளி திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவது, சனி ஒப்பிட்டுச் சுழிப்பது, அதற்கான இலக்கணப் பக்கம். ஞாயிறு நிரப்புப் பயிற்சி: பத்தியில் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் அடித்துவிட்டு நினைவிலிருந்து நிரப்புவது. வில்சன் டெய்லர் என்பவர் 1953-இல் ஒரு எழுத்து எவ்வளவு எளிதாகப் படிக்க வருகிறது என்று அளக்க உருவாக்கிய க்ளோஸ் முறை இதுதான், இன்றைக்கு வங்கித் தேர்விலும் எஸ்எஸ்சி தேர்விலும் க்ளோஸ் டெஸ்ட் என்று வருவதும் இதன் வாரிசே. ஒரு நாள் தவறினால் அந்த வாரத்தை நீட்டிக்கொள்ளுங்கள், இரண்டு நாள் வேலையை ஒரே ராத்திரியில் செய்யப் பார்க்காதீர்கள். இது போக, 98 சதவீதம் தெரிகிற ஏதாவது ஒரு சுலபமான கதைப் புத்தகம் தலையணை பக்கத்தில் இருக்கட்டும். அதில் கோடும் வேண்டாம், அட்டையும் வேண்டாம், கதைக்காகப் படித்தால் போதும்.

தேர்வுக்காகப் படிக்கிறவர்கள் கடைசி ஒரு மாதம் மட்டும் கடிகாரத்தை வைத்துப் பழகினால் போதும், ஆரம்பத்திலேயே வேகம் பார்த்தால் புரியாமல் வேகமாகப் படிக்கிற பழக்கம்தான் வரும். வெளிநாடு போக எழுதுகிற ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் வாசிப்புத் தாளில் 60 நிமிடத்தில் 40 கேள்வி, விடைத்தாளில் எழுத தனியாக நேரம் கிடையாது. அதில் ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் என்ற கேள்விகளில்தான் நம்மவர்கள் நிறைய மதிப்பெண்ணை விடுகிறார்கள். பத்தியில் கன்னிமரா நூலகம் 1896-இல் சென்னையில் திறக்கப்பட்டது என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். கேள்வியில் அது 1900-க்குப் பிறகு திறக்கப்பட்டது என்றிருந்தால் ஃபால்ஸ், பத்தியே மறுக்கிறது. அங்கே தினமும் ஆயிரம் பேர் வருகிறார்கள் என்றிருந்தால் நாட் கிவன், பத்தி அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீங்கள் எழும்பூரிலேயே குடியிருந்து அந்த நூலகத்துக்கு வாரா வாரம் போகிறவராக இருந்தாலும் விடை நாட் கிவன்தான். ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் எந்த வரி சாட்சி என்று விரலை வைத்துக் காட்ட முடியவேண்டும், வைக்க இடம் கிடைக்காவிட்டால் நாட் கிவன் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.